அசோசியேஷன் செயலாளர் தனியா முடிவெடுத்து வீட்டுக்கு 22,500 கேக்குறார், கட்டணுமா?

செம்மண்டலம்_எஸ்3:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க. எங்க ஃபிளாட் கடலூர் செம்மண்டலம் பக்கம். கீழ பார்க்கிங், மேல 4 மாடி, மாடிக்கு 4 வீடுன்னு மொத்தம் 16 வீடு. கட்டி 13 வருஷம் ஆச்சு. நான் ரெண்டாவது மாடி. அசோசியேஷன் முறையா பதிவு பண்ணினது தான், மாசம் 1,800 மெயின்டனன்ஸ், இதுவரைக்கும் ஒரு மாசம் கூட நான் பாக்கி வச்சதில்ல.

போன வியாழக்கிழமை ராத்திரி பத்தரைக்கு செயலாளர் வாட்சப் குரூப்ல ஒரு மெசேஜ் போட்டார். மொட்டை மாடி வாட்டர் ப்ரூஃபிங் வேலை திங்கக்கிழமை ஆரம்பம், மொத்தம் 3,60,000, வீட்டுக்கு 22,500, பத்தாம் தேதிக்குள்ள கட்டவும். அவ்வளவு தான். மீட்டிங் கிடையாது, கொட்டேஷன் கிடையாது, யாரு செய்யப்போறாங்கன்னு கூட இல்ல. காலைல கேட்டா கார்ப்பஸ்லேர்ந்து, அதாவது சங்கத்தோட சேமிப்பு நிதிலேர்ந்து, 1 லட்சம் அட்வான்ஸ் குடுத்தாச்சாம். ஒழுகுறது நாலாவது மாடில ரெண்டு வீடு. நான் குரூப்ல "சார் கொட்டேஷன் போடுங்க"ன்னு ஒரே ஒரு வரி தான் எழுதினேன், அதுக்கு "நம்பிக்கை இல்லன்னா நீங்களே வந்து பாத்துக்கோங்க"ன்னு பதில், கீழ ஏழு பேர் கைகூப்பி எமோஜி.

இதுல கடுப்பு என்னன்னா, என் பாத்ரூம் மேல் தளத்துல ஒன்றரை வருஷமா சொட்டுது, அதுக்கு மட்டும் "அது உங்க சொந்த வேலை சார், அசோசியேஷன் பாக்காது"ன்னு சொல்லிட்டார். மேல் வீடு ஒழுகினா பொது வேலை, என் வீடு ஒழுகினா சொந்த வேலையா? கமிட்டிக்கு எது வரைக்கும் அதிகாரம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கெடிலக்கரையான்:
கட்டாதீங்க. கட்டினா அடுத்து பெயின்ட்டுக்கு 40,000 வரும். அனுபவம்.

முன்னாள்_செயலாளர்:
மேல கட்டாதீங்கன்னு சொன்ன தம்பி எத்தனை ஜெனரல் பாடிக்கு, அதான் பொதுக்குழுவுக்கு, போயிருக்கார்னு தெரிஞ்சிக்கலாமா?

நான் திருப்பாப்புலியூர்ல 24 வீட்டு ஃபிளாட்டுக்கு 5 வருஷம் செயலாளரா இருந்தவன். சம்பளம் கிடையாது. ராத்திரி ஒன்னரைக்கு லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா எனக்கு போன், செப்டிக் டேங்க் நிரம்பினா எனக்கு போன், வாட்ச்மேன் லீவு போட்டா காலைல அஞ்சு மணிக்கு மோட்டார் போடுறது நான், பொண்டாட்டி ஊர்ல இல்லாத நேரம் ஒரு டீ வச்சு குடுக்க ஒருத்தரும் வரமாட்டாங்க. மீட்டிங் போட்டா 24ல 6 பேர் வருவாங்க, கோரம் (குறைஞ்சபட்ச ஆள் எண்ணிக்கை) இல்ல, அரைமணி நேரம் தள்ளி வச்சு அதே ஆறு பேரோட நடத்தணும், அதுல ரெண்டு பேரு கார் பார்க்கிங் சண்டை போட வந்தவங்க. இப்படி ரெண்டு தடவ ஆனா எந்த மனுஷனும் மூணாவது தடவ மீட்டிங் போடாம நேரா வேலைய ஆரம்பிச்சிடுவான். அது சரின்னு சொல்லல. அது எப்படி நடக்குதுன்னு சொல்றேன். உங்க செயலாளர் திருடன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி போன மூணு மீட்டிங்ல நீங்க எத்தனைக்கு போனீங்கன்னு யோசிச்சு பாருங்க சார்.

செம்மண்டலம்_எஸ்3:
அண்ணே, நியாயமான கேள்வி. ஒண்ணுக்கு போனேன். மத்த ரெண்டும் ஞாயித்துக்கிழமை காலைல வச்சாங்க, நான் ஷிஃப்ட்ல இருப்பேன். அவர திருடன்னு நான் சொல்லவே இல்ல. ஆனா ஆறு வருஷமா அவரே தான் செயலாளர், தேர்தல்னு ஒண்ணு நடந்ததே இல்ல.

மஞ்சை_வக்கீல்:
ஆறு வருஷமா தேர்தல் இல்லன்னு சொன்னீங்களே, அங்க தான் விஷயமே இருக்கு.

நான் சிவில் பக்கம் ப்ராக்டிஸ் பண்றேன். உங்க சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ல பதிவாயிருக்கும்னு வச்சுக்கறேன், பழைய ஃபிளாட் எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான். அந்த சட்டப்படி கமிட்டி உறுப்பினர் பதவிக்காலம் 3 வருஷத்துக்கு மேல போகக்கூடாது. அவரையே திரும்ப போடலாம், தடை இல்ல, ஆனா பொதுக்குழு கூடி போடணும். சும்மா உக்காந்துட்டே இருக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு பொதுக்குழு நடக்கணும், வரவு செலவு அங்க வைக்கணும், பதிவாளர்கிட்டயும் தாக்கல் பண்ணணும்.

இப்ப அதிகாரம். கமிட்டிங்கிறது முதலாளி இல்ல. 16 ஓனரும் சேந்தது தான் சங்கம், கமிட்டி அவங்க சார்புல வேலை பாக்குற குழு. எவ்வளவு வரைக்கும் தானா செலவு பண்ணலாம்னு உங்க பைலால, அதாவது சங்கத்தோட விதிமுறைல, இருக்கும். சில இடத்துல 10,000, சில இடத்துல 50,000, அதுக்கு மேல போனா பொதுக்குழு தீர்மானம். முதல்ல அந்த பைலாவ படிங்க. செயலாளர் தரலன்னா பதிவு எண்ண வச்சு மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். அதப் படிக்காம குரூப்ல சண்டை போடுறது, பத்திரத்த பாக்காம எல்லைக்கல்லு சண்டை போடுற மாதிரி.

கணக்கு காட்ட மாட்டேன்னு அடம் பிடிச்சா, உறுப்பினர்ல மூணுல ஒரு பங்கு பேர் கையெழுத்து போட்டு பதிவாளர விசாரிக்க சொல்லலாம், அதே சட்டத்துல 36வது பிரிவு. உங்களுக்கு 6 பேர் போதும். ஆனா அது கடைசி ஆயுதம். ஒரே படிக்கட்டுல தினம் முகத்த பாக்கணும்ல.

கெடிலக்கரையான்:
சார் புது அபார்ட்மென்ட் சட்டம் வந்துச்சே அது?

மஞ்சை_வக்கீல்:
ஆமா, 2022ல போட்டது, 2024ல அமலுக்கு வந்துச்சு, 1994 சட்டத்துக்கு பதிலா. அதுல ஜனங்க அதிகம் பேசுறது பழைய கட்டடத்த இடிச்சு திரும்ப கட்டுற விஷயம், மூணுல ரெண்டு பங்கு ஓனருங்க சம்மதிச்சா போதும்னு வந்திருக்கு, முன்னாடி ஒருத்தர் முறுக்கிக்கிட்டாலே நின்னு போகும். மொட்டை மாடி விரிசலுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். அப்புறம், பில்டர பிடிக்கலாமான்னு யாராவது கேப்பீங்க: ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டத்துல, கட்டுமானக் கோளாறுக்கு சாவி குடுத்த நாள்லேர்ந்து 5 வருஷம் தான். 13 வருஷ கட்டடத்துக்கு அந்த கதவு மூடியாச்சு.

சிமெண்ட்_கை:
வக்கீல் சார் அதிகாரத்த சொல்லிட்டார், நான் ஒழுகுறத பத்தி சொல்றேன். சைட் இன்ஜினியர், கடலூர் பாண்டி ரெண்டு பக்கமும் வேலை பாத்திருக்கேன்.

தம்பி, 3,60,000 எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? மாடிக்கு 4 வீடுன்னா தளம் சுமார் 3,600 சதுர அடி இருக்கும், அடிக்கு 100 ரூபான்னு ஒருத்தன் டேப் கூட வைக்காம சொல்லிருக்கான். முழு தளத்தயும் கொத்தி எடுக்கணுமான்னு யாராவது பாத்தாங்களா?

நீங்க மேல போங்க, கைல ஒரு கட்டை எடுத்துக்கோங்க. தட்டோடு பதிச்சிருக்கும்ல, அத வரிசையா தட்டிட்டே போங்க. நல்லா இருக்குற இடம் கெட்டியா கேக்கும், கீழ விட்டுப்போன இடம் டொப்பு டொப்புன்னு கேக்கும். அங்க சாக்பீஸ்ல கோடு போடுங்க. அப்புறம் மழைத்தண்ணி இறங்குற வாய் எத்தனை இருக்குன்னு எண்ணுங்க, ஒவ்வொன்னுலயும் கைய விட்டு பாருங்க. நான் பாத்த ஒழுகல்ல பாதி அங்க தான். வேப்பிலை, புறா எச்சம், தீபாவளி பேப்பர், ஒரு தடவ முழுசா ஒரு ரப்பர் பந்து. வாய் அடைச்சா மாடில நாலு விரக்கட தண்ணி நிக்கும், நிக்கிற தண்ணி எங்கயாவது வழி தேடும். அதையெல்லாம் முடிச்சிட்டு சந்தேகப்படுற இடத்த சுத்தி மண்ணால வரப்பு கட்டி ரெண்டு நாள் தண்ணி நிறுத்தி கீழ வந்து பாருங்க, எங்க ஈரம் வருதுன்னு தெரிஞ்சிடும்.

ஆனா ஒண்ணு, "எனக்கென்ன நான் ரெண்டாவது மாடி"ன்னு நினைக்காதீங்க. நம்ம ஊரு உப்புக் காத்து. தண்ணி உள்ள இறங்கினா கம்பி துரு புடிச்சு ஊதும், காரை பேத்துக்கிட்டு விழும், அதுக்கப்புறம் மேல் மாடிக்காரர் பிரச்சனை மட்டும் இல்ல.

முன்னாள்_செயலாளர்:
இன்ஜினியர் சார் சொன்னது நூத்துக்கு நூறு. மொட்டை மாடி, டக்ட் (பைப்புங்க போற சந்து), மெயின் பைப், சம்ப், மேல் டேங்க், லிஃப்ட், படிக்கட்டு, காம்பவுண்டு இதெல்லாம் எல்லாருக்கும் பொது. மேல் வீட்டுக்காரர் மட்டும் கட்டட்டும்னா, கீழ் வீட்டுக்காரர் எனக்கு லிஃப்ட் வேணாம்பார், கார் இல்லாதவர் பார்க்கிங் லைட்டுக்கு காசு தரமாட்டேம்பார். எங்க ஃபிளாட்ல முதல் மாடிக்காரர் ஒருத்தர் லிஃப்ட் சார்ஜ் கட்ட மாட்டேன்னு மூணு வருஷம் நின்னார், அப்புறம் முட்டி ஆபரேஷன் ஆச்சு, லிஃப்ட்ல தான் வந்து இறங்கினார். பாக்கியும் கட்டிட்டார் பாவம்.

உங்க பாத்ரூம் சொட்டுறது எதுலேர்ந்துன்னு பாருங்க. டக்ட்ல போற நட்டக்குத்து பைப்புன்னா சங்கம் பாக்கணும். மேல் வீட்டு பாத்ரூம் தரை, நானி ட்ராப் (தரைத்தண்ணி இறங்குற வாய்), கமோட் ஜாயின்ட்னா மேல் வீட்டுக்காரர் செலவு. ரெண்டுலயும் உங்க செலவு இல்ல, "உங்க சொந்த வேலை"ன்னு சொன்னது தப்பு. அத மேல் வீட்டுக்காரர்கிட்ட பேசி முடிச்சு வைக்கிறது கமிட்டி வேலை தான், காசு போடலன்னாலும்.

லாஸ்பேட்டை_லதா:
நான் பாண்டிலேர்ந்து. தமிழ்நாடு சட்டம் எங்களுக்கு செல்லாதுங்க, அத முதல்ல சொல்லிடறேன், இங்க யாராவது படிச்சிட்டு அத தூக்கிட்டு போய் நிக்கப்போறாங்க. ஆனா சண்டை என்னமோ ரெண்டு ஊருலயும் ஒண்ணு தான்.

எங்க கதை கேளுங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்துச்சே, ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. காலைல பாத்தா பார்க்கிங்ல இடுப்பளவு தண்ணி, சம்ப் மூழ்கி சாக்கடை கலந்துடுச்சு, மோட்டார் போச்சு, கரண்ட் இல்ல. எங்க செயலாளர் ஒரு அம்மா, ரிட்டயர்டு டீச்சர். அவங்க யாரையும் கேக்கல. தண்ணி இறைக்க டீசல் பம்பு, டேங்கர் தண்ணி, சம்ப் கழுவ ஆளு, புது மோட்டார்னு நாலு நாள்ல 1,10,000 செலவு பண்ணிட்டாங்க. அப்ப எல்லாரும் அக்கா அக்கான்னு கும்பிட்டாங்க. ஜனவரில கணக்கு வச்சப்போ "எங்கள கேட்டீங்களா?"ன்னு மூணு பேரு. அந்த மூணு பேரும் புயலன்னைக்கு சென்னைல சொந்தக்காரங்க வீட்ல இருந்தவங்க.

அந்தம்மா அழல, எதுவும் சொல்லல. ஒரு பழைய ரூல்டு நோட்டு கொண்டு வந்து வச்சாங்க. ஒவ்வொரு பில்லும் ஒட்டி, பக்கத்துல தேதி, நேரம், யாரு கூட இருந்தாங்கன்னு எழுதி, டேங்கர்காரர் பில் தரலன்னு ஒரு துண்டு பேப்பர்ல அவர் கைநாட்டு. பத்து நிமிஷத்துல பேச்சு முடிஞ்சுது. அன்னைக்கே ஒரு தீர்மானமும் போட்டோம்: அவசரத்துக்கு செயலாளர், பொருளாளர் ரெண்டு பேரும் சேந்து செலவு பண்ணலாம், மூணு நாளுக்குள்ள குரூப்ல பில் போடணும், அடுத்த மீட்டிங்ல ஒப்புதல் வாங்கணும்.

உங்க செயலாளருக்கு புயலா அடிச்சுது? 13 வருஷ மாடி இன்னும் 20 நாள் தாங்காதா?

கெடிலக்கரையான்:
அக்கா கடைசி வரி சூப்பர். எங்களுக்கு புயல விட பெண்ணையாறு தான் வச்சு செஞ்சுது, சாத்தனூர் டேம் திறந்து, புயலுக்கு ரெண்டு நாள் கழிச்சு வந்த தண்ணி. வாட்ச்மேன் தான் எல்லார் பைக்கையும் மேட்டுக்கு தள்ளினார், அவருக்கு போனஸ் குடுக்கவும் பொதுக்குழு வேணும்னு ஒருத்தர் சொன்னார் பாருங்க.

ஷார்ஜா_ஓனர்:
நான் வெளிநாட்டுல இருக்கேன், ஃபிளாட் புதுப்பாளையத்துல. பூட்டி கிடக்குற வீட்டுக்கும் முழு மெயின்டனன்ஸ் வாங்குறாங்க, தண்ணி ஒரு சொட்டு எடுக்கல, குப்பை இல்ல. மீட்டிங்குக்கு ஜூம் லிங்க் கேட்டா தரமாட்டாங்க. ஆனா பணம் மட்டும் ஜிபேல கரெக்டா கேப்பாங்க.

மஞ்சை_வக்கீல்:
பூட்டின வீட்டுக்கும் கட்டணும் சார். வாட்ச்மேன் சம்பளமும் லிஃப்ட்டுக்கு வருஷ பராமரிப்பு கான்ட்ராக்ட் பணமும் உங்க கதவு பூட்டிருக்குன்னு குறையாது. உங்க வீட்டையும் சேத்து தான் அவர் காவல் காக்குறார். ஆனா ஓட்டு உங்க உரிமை. உங்க சார்புல ஒருத்தர அனுப்பலாமான்னு பைலால பாருங்க, இல்லன்னா சேக்க சொல்லி தீர்மானம் கேளுங்க.

வாடகை_வீடு:
நான் டெனன்ட். மாசாமாசம் மெயின்டனன்ஸ் கட்டுறது நான், ஆனா குரூப்ல கூட சேக்க மாட்டாங்க. தண்ணி நிறுத்தப் போறாங்கன்னு எனக்கு குழாய திறந்தா தான் தெரியும். சும்மா புலம்பினேன்.

கெடிலக்கரையான்:
தண்ணி நிறுத்துறதுன்னதும் ஞாபகம் வருது. எங்க ஃபிளாட்ல ரெண்டு வருஷம் பாக்கி வச்ச வீட்டுக்கு வால்வ மூடிட்டாங்க. செய்யலாமா?

மஞ்சை_வக்கீல்:
செய்யாதீங்க. தண்ணி, கரண்ட், சாக்கடை இதுல கை வச்சா கோர்ட்ல சங்கம் தான் திட்டு வாங்கும், பாக்கி வச்சவர் பாவப்பட்டவர் ஆயிடுவார். எழுத்துல நோட்டீஸ் குடுங்க, வரலன்னா சிவில் வழக்கு. முக்கியமா இத குறிச்சுக்கோங்க: பண பாக்கிக்கு வழக்கு போட 3 வருஷம் தான் கெடு. "பாவம் பக்கத்து வீடு"ன்னு அஞ்சு வருஷம் விட்டா பழைய பாக்கி கைவிட்டு போயிடும். கெடு முடியறதுக்குள்ள "இவ்வளவு பாக்கி இருக்கு"ன்னு அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டா அந்த தேதிலேர்ந்து புதுசா 3 வருஷம் கிடைக்கும். நிறைய செயலாளருங்களுக்கு இது தெரியாது.

சிமெண்ட்_கை:
சந்தடி சாக்குல ஒண்ணு கேக்கறேன், பொது மீட்டர் கரண்ட் பில் கமிட்டிய தான் திட்டுறாங்க எல்லா இடத்துலயும். 10 வீட்டுக்குள்ள, 3 மாடிக்குள்ள, லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டுக்கு 2023 கடைசில யூனிட் 5.50ன்னு குறைச்சாங்கல்ல, அத வாங்காம இன்னும் பழைய ரேட்டு கட்டுற சின்ன ஃபிளாட் நிறைய இருக்கு. லிஃப்ட் இருந்தா கிடையாது. எஸ்3 தம்பிக்கு கிடைக்காது, மத்தவங்க பில்ல எடுத்து பாருங்க.

கெடிலக்கரையான்:
ஜிஎஸ்டி 18 சதவீதம் போடணும்னு எங்க பொருளாளர் பயமுறுத்துறார்?

மஞ்சை_வக்கீல்:
வீட்டுக்கு மாசம் 7,500 வரைக்கும் கிடையாது. கடலூர்ல எந்த ஃபிளாட்ல அவ்வளவு வாங்குறாங்க, அங்க நீச்சல் குளம் இருக்கா?

செம்மண்டலம்_எஸ்3:
மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். நடந்தத சொல்லிடறேன்.

முதல்ல கட்டைய எடுத்துட்டு மாடிக்கு போனேன். எதிர் வீட்டு பையன் சாக்பீஸோட வந்தான். தட்டிட்டே போனா கிழக்கு பக்கம், டேங்குக்கு கீழ, அந்த ஏரியா மட்டும் தான் டொப்பு சத்தம், மொத்தத்துல மூணுல ஒரு பங்கு இருக்கும். தண்ணி இறங்குற வாய் ஆறு. அதுல ரெண்டு அடைச்சிருந்துச்சு. ஒண்ணுல வேப்பிலை மக்கி மண்ணாவே ஆயிடுச்சு, உள்ள ஒரு சின்ன அரச மரக் கன்னு, வேரு பைப்புக்குள்ள ஒரு முழம் போயிருக்கு. போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன், ஒரு வார்த்தை எழுதல. அரைமணில செயலாளரே மேல வந்துட்டார். ரெண்டு பேரும் அந்த கன்ன பிடிச்சு இழுத்தோம், வரல. பிளம்பர் வந்து பைப்ப அறுத்து தான் எடுத்தார், 1,400 ரூபா.

பைலா அவர் பீரோல தான் இருந்துச்சு, கேட்டதும் எடுத்து குடுத்துட்டார், நான் தான் இத்தனை வருஷம் கேக்கவே இல்ல. 20,000க்கு மேல ஒரே வேலைக்கு போனா பொதுக்குழு ஒப்புதல் வேணும்னு தெளிவா இருக்கு. அவருக்கே அது மறந்து போச்சு.

மீட்டிங் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வச்சோம், 16ல 12 பேர் வந்தாங்க, பஜ்ஜி போட்டதாலயான்னு தெரியல. மூணு கொட்டேஷன் வச்சோம். முழு தளமும் வேணாம், கெட்டுப்போன பகுதி மட்டும் கொத்தி எடுத்து போட 1,45,000. குடுத்த 1 லட்சத்த அதே ஆளு இதுல கழிச்சுக்க ஒத்துக்கிட்டார், மீதி 45,000 கார்ப்பஸ்லேர்ந்து. எடுத்ததுல ஒரு பகுதிய நிரப்ப வீட்டுக்கு 3,000, மூணு தவணைல. நான் முதல் ஆளா கட்டினேன்.

செயலாளர் அன்னைக்கே ராஜினாமா லெட்டர் குடுத்தார். கோவம் தான், முகம் செவந்து போச்சு. புது செயலாளர் நாலாவது மாடி மேடம். ஒப்படைக்கறப்போ அவர் ஒரு மஞ்சப்பைய கொட்டினார், 31 சாவி, ஒவ்வொன்னுலயும் நூல் கட்டி அட்டைல எழுதிருக்கார், "மேல் டேங்க் மூடி", "மீட்டர் ரூம், இடது பக்கம் திருப்பவும்"னு. மோட்டார் ஸ்டார்ட்டர் பச்சை பட்டன அமுக்கி மூணு எண்ணி விடணுமாம், ரெண்டு எண்ணி விட்டா ட்ரிப் ஆயிடுமாம். இது இந்த 16 வீட்ல அவர் ஒருத்தருக்கு தான் தெரியும். மேடம் அவரையே பொருளாளரா இருக்க சொல்லி கேட்டாங்க. பாக்கலாம்னு சொல்லிருக்கார். நான் கமிட்டில ஒருத்தன், மாடி என் பொறுப்பு.

முன்னாள்_செயலாளர்:
அந்த சாவி அட்டைய போட்டோ எடுத்து வச்சுக்கோங்க தம்பி. நூல் அறுந்து போகும்.

லாஸ்பேட்டை_லதா:
உங்க பாத்ரூம் என்னாச்சு?

செம்மண்டலம்_எஸ்3:
இன்னும் சொட்டுது அக்கா. டக்ட் பைப் காஞ்சு தான் இருக்கு, மேல் வீட்டு நானி ட்ராப் தான்னு பிளம்பர் சொல்லிட்டார். மேல் வீட்டு ஓனர் நெய்வேலில இருக்கார், போன எடுக்கல. மேடம் கமிட்டி லெட்டர்ஹெட்ல ரிஜிஸ்டர் தபால் அனுப்பிருக்காங்க. வாளி வச்சிருக்கேன், காலைல எழுந்தா கால் வாளி இருக்கு.

சிமெண்ட்_கை:
குடியிருக்குறவங்க இருக்காங்கல்ல? அவங்ககிட்ட சொல்லி ஒரு நாள் அந்த பாத்ரூம மட்டும் உபயோகிக்காம இருக்க சொல்லுங்க. அன்னைக்கு வாளி காஞ்சிருந்தா தேதி போட்டு போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்புங்க, அப்புறம் அவர் பேச ஒண்ணும் இருக்காது. ட்ராப் மாத்தி சுத்தி ஒட்டுறது ஒரு நாள் வேலை.